கடலில் பிறந்து மலையேறும் விலாங்கு

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் தின்று பெருத்து, முட்டையிட மறுபடியும் பிறந்த ஆற்றுக்கே வரும். விலாங்கு இதற்கு நேர்மாறு. கடலில் பிறந்து ஆறேறி வந்து, மடு, குளம், பாறையிடுக்கு என்று பல ஆண்டுகள் ஒளிந்து வாழும். கடைசியில் கடலுக்கே போய் முட்டையிட்டுச் செத்துப்போகும். தமிழ்நாட்டில் இந்தப் பயணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: கல்வராயன் மலையில் புறப்படும் கோமுகி ஆறு மணிமுத்தாற்றோடு கலக்கிறது. மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. கடலிலிருந்து ஒரு விலாங்குக் குஞ்சு கோமுகிக்கு வரவேண்டுமானால் வழி இது ஒன்றுதான்.

ஆராலை விலாங்கு என்று சொல்பவர்கள் உண்டு. முதுகில் முள் வரிசையோடு மூக்கு கூராக இருப்பது ஆரால். அது நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே சாகும். விலாங்குக்கு முதுகு முள் கிடையாது, உடம்பெல்லாம் வழவழப்பு. நம் நாட்டு ஆறுகளில் முக்கியமாக இரண்டு வகை: உடம்பில் கறை கறையாக இருப்பது ஒன்று, முதுகு கருத்து வயிறு வெளுத்திருப்பது இன்னொன்று. இரண்டையுமே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் நிலையை நெருங்கும் இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் அட்லாண்டிக் சால்மனும் அதே வரிசைக்கு வந்து சேர்ந்தது.

சால்மனுக்கு என்ன ஆகிறது என்று கண்டுபிடிக்க ஸ்காட்லாந்தில் 2019-இல் ஒரு பெரிய வேலை நடந்தது. மோரே வளைகுடாவில் கலக்கும் ஏழு ஆறுகளில், கடலுக்குப் புறப்பட்ட 850 இளம் மீன்களைப் பிடித்தார்கள். மயக்க மருந்து கலந்த நீரில் மீன் அசைவற்றதும் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் சிறு கீறல் போட்டு, ஒரு சிறு ஒலிக்கருவியை உள்ளே தள்ளித் தையல் போட்டார்கள். மயக்கம் தெளியும்வரை தொட்டியில் வைத்திருந்து ஆற்றில் விட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில் அது தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே போகும். ஆற்றடியிலும் கடலடியிலும் கட்டிவைத்த ஒலிவாங்கிகள், மீன் கடந்துபோன நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு ஆட்கள் போய் அவற்றை எடுத்துக் கணக்கைப் படிக்கவேண்டும். கடலில்தான் மீன் சாகிறது என்று பலரும் நினைத்திருக்க, ஏறக்குறைய பாதி மீன்கள் கடலைத் தொடுவதற்கு முன்பே, ஆற்றிலேயே காணாமல்போயிருந்தன. மீன் எங்கே போகிறது என்பதைவிட, எந்த இடத்துக்குப் பிறகு அதன் எண் கேட்கவில்லை என்பதே இந்தக் கருவிகள் தரும் பெரிய செய்தி.

விலாங்கு இவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. ஐரோப்பிய விலாங்கு சர்காசோ கடலில் முட்டையிடுகிறது என்று டென்மார்க்கின் யோஹான்னஸ் ஷ்மிட், குஞ்சுகளின் அளவை வைத்தே 1922-இல் எழுதினார். வளர்ந்த விலாங்கு அங்கே போய்ச் சேர்வதைச் செயற்கைக்கோள் கருவிகள் வழியாக நேரடியாகக் காட்டிய ஆய்வு வெளிவந்தது 2022-இல். இடையில் நூறு ஆண்டுகள். இந்தியப் பெருங்கடல் விலாங்கு சுமத்ராவுக்கு மேற்கே முட்டையிடுவதாகக் கருதுகிறார்கள். அதற்கும் ஆதாரம் அங்கே வலையில் சிக்கிய இலை வடிவக் குஞ்சுகள்தான்.

கருவியே இல்லாமல் கதை சொல்லும் ஒரு பொருளும் விலாங்கின் தலைக்குள் இருக்கிறது: செவிக்கல். குஞ்சுப் பருவத்தில் இந்தச் சுண்ணாம்புக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் படியும். கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம், ஆற்றுநீரில் பொதுவாகக் குறைவு. கல்லைத் தேய்த்து மெருகேற்றி, மையத்திலிருந்து விளிம்பு வரை ஸ்ட்ரான்சியத்தை அளந்தால், எத்தனையாவது நாளில் அது உப்புநீரை விட்டு வந்தது என்று தெரியும். ஆனால் அதற்கு மீனைக் கொன்றாகவேண்டும்.

விலாங்கின் வழியில் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு நிற்கிறது. அணைக்கட்டு மீனை மறிக்கும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதுச் செய்தி அல்ல. கொள்ளிடத்தில் கீழணை 1836-இல் எழுந்தபின், கடலிலிருந்து ஏறிவந்த உல்லம் மீன் அங்கே முட்டிக்கொண்டு நின்றது. மதராஸ் ராணுவ மருத்துவராக வந்து மீன்வள ஆய்வாளராக மாறிய பிரான்சிஸ் டே, 1873 அறிக்கையில் அணைகளில் மீன் ஏற வழி வேண்டும் என்று வற்புறுத்தினார். ஊர் திரும்பிய அவர் 1887-இல் பிரிட்டன், அயர்லாந்து சால்மன் இனங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

உல்லம் முட்டிநின்ற இடத்தில் விலாங்குக் குஞ்சுக்கு ஒரு சலுகை உண்டு. தோலாலும் மூச்சுவிடுவதால், ஈரம் இருந்தால் போதும், சுவரிலும் ஊர்ந்து ஏறிவிடும். சால்மனுக்குப் படிப்படியான கான்கிரீட் ஏணி வேண்டும். விலாங்குக் குஞ்சுக்கோ தூரிகை மயிர் பதித்த ஒரு சாய்வான தகரத் தொட்டியும் சொட்டு நீரும் போதும். சேத்தியாத்தோப்பில் அப்படி ஒன்றை வைத்து, உச்சியில் ஒரு வாளியையும் வைத்தால், ஏறிவரும் குஞ்சுகளை நாள்தோறும் எண்ணிவிடலாம். வளர்ந்த விலாங்குகளுக்கு அரிசி மணி அளவுள்ள, பேட்டரி இல்லாத கண்ணாடிக் குப்பிகளைத் தோலடியில் செலுத்தி, மதகில் கம்பிச்சுருள் பொருத்தினால், கடந்துபோகும்போதெல்லாம் எண் பதிவாகும். குப்பி மீனின் ஆயுள் முழுக்க வேலை செய்யும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சிக்கல். கண் பெருத்து, வயிறு வெள்ளிநிறமாகி, இரை தின்பதை நிறுத்திவிட்ட முதிர்ந்த விலாங்கு, வெள்ளம் வரும் இருட்டு இரவுகளில்தான் புறப்படும். வெள்ளாற்றில் அது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. அந்த இரவுகளில் ஷட்டரை அடியிலிருந்து ஒரு முழமாவது தூக்கிவைத்தால், தரையோடு போகும் இந்த மீனுக்கு வழி கிடைக்கும். எந்த இரவில் தூக்குவது என்பதைக் கம்பிச்சுருளில் பதிவாகும் எண்களே சொல்லிவிடும்.