மூளையே தயாரிக்கும் ஸ்டீராய்டு: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஸ்டீராய்டு என்றதும் ஆஸ்துமா மருந்தோ, உடற்பயிற்சிக் கூடங்களில் தவறாகப் பயன்படுத்தப்படும் ஊசியோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், மனித மூளையும் சில ஸ்டீராய்டுகளைத் தானே தயாரித்துக் கொள்கிறது. இதுகுறித்த ஆய்வுகளின் பலனாக, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கெனத் தனி மருந்துகள் உருவாகியுள்ளன.

கண்டறியப்பட்டது எப்படி?

பிரான்ஸ் விஞ்ஞானி எட்டியென்-எமில் பொலியூ தலைமையிலான குழுவினர், 1981-ஆம் ஆண்டு எலிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்டீராய்டுகளைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியையும் இனப்பெருக்கச் சுரப்பியையும் அகற்றிய பிறகும், எலிகளின் மூளையில் ஒரு வகை ஸ்டீராய்டு குறையாமல் இருந்தது. மூளையிலேயே உருவாகும் இத்தகைய பொருள்களுக்கு 'நரம்பு ஸ்டீராய்டு' என்று பெயரிடப்பட்டது.

நொதிகளின் பணி

இதற்கான மூலப்பொருள் கொலஸ்ட்ரால். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள நொதி அதனை பிரெக்னெனோலோனாக மாற்றுகிறது. அது மற்றொரு நொதியால் புரோஜெஸ்டிரோன் ஆகிறது. பின்னர், '5-ஆல்ஃபா ரிடக்டேஸ்', '3-ஆல்ஃபா ஹெச்எஸ்டி' ஆகிய இரு நொதிகள் அடுத்தடுத்துச் செயல்பட்டு, புரோஜெஸ்டிரோனை அலோபிரெக்னனோலோனாக மாற்றுகின்றன.

நரம்பு செல்களின் தூண்டலைக் கட்டுப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டை அலோபிரெக்னனோலோன் வலுப்படுத்துகிறது. இதனால் பதற்றம் தணிகிறது; உறக்கம் வருகிறது.

பிரசவத்துக்குப் பிறகு...

கர்ப்ப காலத்தில் அலோபிரெக்னனோலோன் அளவு பல மடங்கு உயர்ந்து, பிரசவத்துக்குப் பின் திடீரெனச் சரிகிறது. எல்லாத் தாய்மார்களுக்கும் இது நிகழ்ந்தாலும், சிலரது மூளை இந்த மாற்றத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்து கொள்ள இயலாததே மனச்சோர்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உலக அளவில் குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகின்றனர் என்றும், அதில் மனச்சோர்வே முதன்மையானது என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

அலோபிரெக்னனோலோனையே மருந்தாக்கிய 'பிரெக்சனோலோன்', 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. இதனை மருத்துவமனையில் 60 மணி நேரம் தொடர்ந்து சிரை வழியாகச் செலுத்த வேண்டியிருந்தது. 14 நாள்கள் வாய்வழியாக உட்கொள்ளும் 'சுரானோலோன்' மருந்துக்கு 2023 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. இது உறக்கத்தை ஏற்படுத்தும் என்பதால், உட்கொண்ட பின் 12 மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது.

முடி உதிர்வு மாத்திரைக்கு எச்சரிக்கை ஏன்?

ஆண்களின் முடி உதிர்வுக்குத் தரப்படும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை, மேற்கண்ட 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியைத்தான் தடுக்கிறது. தற்கொலை எண்ணம் இம்மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 மே மாதம் உறுதிப்படுத்தியது. நரம்பு ஸ்டீராய்டு குறைவதே இதற்குக் காரணம் என நிரூபிக்கப்படவில்லை. எனினும், மாத்திரை உட்கொள்வோர் மனநிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

குழந்தை பெற்ற பெண்ணுக்கு இரு வாரங்களுக்கு மேல் சோகம், உறக்கமின்மை, குழந்தையிடம் பற்றின்மை ஆகியவை நீடித்தால், அதனை மன பலவீனம் என ஒதுக்காமல் மருத்துவ உதவி பெறுவது அவசியம். மத்திய அரசின் 'டெலி-மானஸ்' மனநல உதவி மையத்தை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் தொடர்பு கொள்ளலாம்.