‘இல்லை’ எழுதிய கொப்பி



தன்னம்பிக்கை பற்றி எழுதுமாறு வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ‘உன்னால் முடியும்’ என்று சொல்லும் புத்தகங்கள் நிறையவே கிடைக்கின்றன. எனக்கு அவை அவ்வளவாக உதவியதில்லை. என் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதைப் போக்கும் வழிதான் தெரியாமல் இருந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் நாங்களும் அடக்கம். தண்ணீரூற்றில் வாப்பாவின் பலசரக்குக் கடையைச் சாமானோடு விட்டுவிட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் வைத்து அன்ரன் பாலசிங்கம் அதற்கு மன்னிப்புக் கோரினார். சிலர் துணிந்து ஊர் போனார்கள். 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. ஆகவே எங்கள் பயம் வீண் பயமல்ல.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அடுத்த வருடம் ஊருக்கு வந்து கடை போட்டேன். பெயர்ப்பலகை இல்லை. சுவரில் இறாக்கை அடிக்கவில்லை, இரண்டு மடக்கு மேசைகள்தான். ஒரு கிழமைக்கு மேல் சாமான் எடுப்பதில்லை. மீதி முதல் புத்தளத்திலேயே கிடந்தது. கேட்டவர்களிடம் ‘கவனமாகச் செய்கிறேன்’ என்பேன்.

ஒருநாள் மகன் கேட்டான்: “வாப்பா, இது கடையா, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இடமா?”

கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்றிரவு ஒரு கொப்பி எடுத்தேன். யாராவது கேட்டு நான் ‘இல்லை’ என்ற சாமான், அதன் விலை, ஏன் இல்லை என்ற காரணம். ஒரு மாதம் எழுதினேன். தறப்பாள், ஆணி, மண்வெட்டி, மாமூடை. கைவிட்டுப் போன இலாபம் கடை வாடகையைவிடக் கூட. காரணம் எழுதிய இடத்தில் ‘லொறி வரவில்லை’, ‘காசு போதவில்லை’ என்பவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ‘நாளைக்கு என்ன நடக்குமோ’. என் கையெழுத்துத்தான்.

அப்போதுதான் வேறு சிலவும் புரிந்தன. வாடிக்கையாளர் கேட்கும் முன்பே விலையைக் குறைப்பது, வங்கிக்குள் போகத் துணை தேடுவது, லாச்சித் திறப்பை மகனிடம்கூடக் கொடுக்காதது எல்லாம் அந்தப் பயத்தின் வேலை. இன்னொன்றும் உண்டு. அயலில் உள்ள தமிழ்ச் சனம் அரைக் கிலோ சீனிக்கு மேல் வாங்காது. என்னிடம் வாங்க மனமில்லை என்றே நினைத்திருந்தேன். மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய அவர்களுக்கும் வீட்டில் சாமான் சேர்த்து வைக்கப் பயம் என்பது பிறகுதான் விளங்கியது.

மக்காவை விட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததையும், அவர்கள் சந்தைக்கு வழி கேட்டதையும் நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அங்கே அவர்கள் தொடங்கியது பாலாடைக்கட்டியும் நெய்யும். அதாவது, அன்றாடம் விற்கிற சரக்கு.

நானும் கொப்பியில் அதிகம் கேட்கப்பட்ட ஆணி, தறப்பாளில் தொடங்கினேன். போனாலும் குடும்பம் பட்டினி கிடக்காது என்ற அளவு பணத்தை மட்டும் புத்தளத்திலிருந்து கொண்டுவந்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதுதானே நபிகளாரின் (ஸல்) வழிகாட்டல். அது விற்று முடிந்ததும் இன்னொரு பங்கு. கடனும் அப்படியே. முதலில் இரண்டு வீடுகளுக்கு மட்டும், சூரத்துல் பகரா 282ஆம் வசனம் சொல்கிறபடி எழுதிக் கொடுத்தேன். ஒருவர் நெல் வெட்டியதும் தந்தார். மற்றவர் இன்றுவரை தரவில்லை. ஆனால் கடை விழவில்லை. தந்தவரைவிடத் தராதவர்தான் எனக்குத் தைரியம் தந்தார் என்று வீட்டில் பகிடியாகச் சொல்வதுண்டு.

இறாக்கை அடித்தது அந்த வருடக் கடைசியில். பெயர்ப்பலகைக்கு மூன்று வருடம் சென்றது. வாப்பாவின் கடைப் பெயரையே போட்டேன். கொப்பி இன்னும் லாச்சியில் இருக்கிறது. போன கிழமை எழுதியது: ‘ஓரங்குல ஆணி. இல்லை. எடுக்க மறந்துவிட்டேன்.’