இதயத்துக்குப் போகும் சிரை இடம் மாறியிருந்தால்... பேஸ்மேக்கர் வைக்க முடியுமா?

இதயம் ரொம்ப மெதுவாகத் துடித்து மயக்கம் வந்தால் பேஸ்மேக்கர் வைப்பார்கள். பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே சின்ன பேட்டரிக் கருவி. அதிலிருந்து ஒரு வயர் சிரை வழியாக இதயத்துக்குள் போகும்.

சிக்கல் எங்கே?

வழக்கமாக அந்த வயர் வலப்பக்கப் பெருஞ்சிரைக்குத் திரும்பி, இதயத்தின் வலது மேலறையில் இறங்கும். ஆனா, ஆயிரத்தில் சுமார் 3 முதல் 5 பேருக்கு, பிறக்கும் முன்பே மறைய வேண்டிய இடப்பக்கப் பெருஞ்சிரை அப்படியே தங்கிவிடுகிறது. பொதுவாக எந்தத் தொந்தரவும் தராது. அதனாலேயே பலருக்கு ஆபரேஷன் மேஜையில்தான் தெரியவரும். அப்போது வயர் இதயத்தின் பின்பக்கமாகச் சுற்றி மேலறைக்கு வரும். கீழறைக்கு நேர்வழி கிடைக்காது.

என்ன வழி?

கை நரம்பில் டை செலுத்தி, எக்ஸ்ரேயில் பாதையைப் பார்ப்பார்கள். வயரை மேலறைக்குள் வளையமாகத் திருப்பி, கீழறையில் திருகிப் பொருத்தலாம். வலப்பக்கப் பெருஞ்சிரையும் இருந்தால் அந்தப் பக்கம் மாறலாம். தொடைச் சிரை வழியே வைக்கும் வயரில்லா பேஸ்மேக்கரும் உண்டு. அமெரிக்கா 2016-ல் அனுமதித்த இது எல்லாருக்கும் பொருந்தாது.

வீட்டில் என்ன செய்யணும்?

வண்டன்மேடு போன்ற மலையூர்களிலிருந்து தேனி, மதுரை, கோட்டயம் என்று சிகிச்சைக்கு இறங்கும் குடும்பங்கள் கவனிக்க: ஓர் ஊரில் கண்டுபிடித்தது அடுத்த ஊர் டாக்டருக்குத் தெரியாது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் டயாலிசிஸுக்கோ, ஐசியூவிலோ கழுத்துச் சிரையில் குழாய் போடும் முன்பும் அதை முதலில் காட்டுங்கள்.