கேட் போடுமுன் அளந்து பாருங்கள்!

லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்குக் கேட் என்றதும் நினைவுக்கு வருவது எது? துரை பங்களாவின் கேட்தானே! ஜாகாக்காரர் ஓடிவந்து திறப்பார், கார் உள்ளே போகும், மறுபடியும் மூடிவிடுவார். லயத்தில் யாருக்குக் கேட் இருந்தது? வாசலில் கோழி மேயும், சைக்கிள் சாய்ந்திருக்கும், பிள்ளைகள் கோலி விளையாடுவார்கள். அவ்வளவுதான்.

அதனாலோ என்னவோ, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடியேறும் நம்மவர்கள், சாவி கைக்கு வந்த முதல் மாதமே கேட் போடப் புறப்பட்டு விடுகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தால்கூடத் தோளுக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று அளவு சொல்கிற நாம், ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டிப் போடும் கேட்டுக்கு அளவு பார்ப்பதே இல்லை. பக்கத்து வீட்டைக் கையால் காட்டி, “இதே மாதிரி ஒண்ணு போட்டுடுங்க” என்று சொல்லி முன்பணத்தையும் கொடுத்துவிடுகிறோம்.

என் அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

முப்பது வருடங்களுக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். ஓய்வு பெற்றபின் சேமநிதிப் பணத்தில் பட்டணத்தை ஒட்டி ஒரு தாமானில் வரிசை வீடு வாங்கினார். மனையின் அகலம் இருபது அடி. வீட்டுச் சுவரிலிருந்து முன்வாசல் கோடு வரை பதினெட்டு அடி. இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் அழகான ரெட்டைக் கதவுக் கேட் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கதவும் ஆறடி, உள்பக்கமாகத் திறக்கும். அப்பாவுக்கு அது பிடித்துப் போயிற்று. வெல்டிங் கடைக்காரரும் வந்து பார்த்தார். வாசல் பன்னிரண்டு அடி என்று குறித்துக்கொண்டார். என்ன கார் நிற்கப் போகிறது என்று அவர் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அப்போது வீட்டில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்தான்!

ஆறு மாதம் கழித்து என் தம்பி புரோட்டோன் சாகா வாங்கி வந்தான். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, காரை உள்ளே விட்டாயிற்று. கேட்டை மூடப் போனால் மூடவில்லை. இரண்டு கதவுகளும் காரின் பின்புறத்தில் போய் இடித்து நின்றன.

“கொஞ்சம் முன்னால தள்ளுப்பா” என்றார் அப்பா.

“இன்னும் முன்னால போனா கார் கூடத்துல நிக்கும்பா” என்றான் தம்பி.

அன்று சிரித்தோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2016-இல் வெளிவந்த சாகாவின் நீளம் 4,331 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய பதினாலேகால் அடி. சுவருக்கும் காருக்கும் நடுவே ஓர் அடியாவது விட வேண்டும். இதற்கே பதினைந்தேகால் அடி போய்விட்டது. மீதி இருப்பது இரண்டே முக்கால் அடி. ஆறடிக் கதவு அதற்குள் எப்படிச் சுற்றி வரும்? உள்பக்கம் திறக்கும் கேட்டுக்குப் பாதுகாப்பான கணக்கு இதுதான்: காரின் நீளம், ஒரு கதவின் அகலம், அதற்கு மேல் ஓர் அடி. மூன்றையும் கூட்டுங்கள். அப்பா வீட்டுக்கு இருபத்தொன்றேகால் அடி வந்தது. இருந்ததோ பதினெட்டு.

இரண்டு வீடு தள்ளி இருந்தவர்களுக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்பீர்கள். அவர்களுடையது மூலை வீடு. முன்வாசல் நம்முடையதைவிட ஆழம் கூடுதல்! வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதன்பின் கேட் பகல் முழுவதும் திறந்தே கிடந்தது. இரவில் இரண்டு கதவையும் பாதி சாத்தி நைலான் கயிற்றால் கட்டுவார்கள். ஒரு நாள் மாலை, தம்பியின் இரண்டு வயது மகன் பந்தைத் துரத்திக்கொண்டு காருக்கும் கேட்டுக்கும் நடுவே புகுந்து சாலைக்கே ஓடிவிட்டான். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் பிரேக்கை அழுத்தி, சறுக்கி, கால்வாய் ஓரம் விழுந்தான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அம்மா மட்டும் அன்று இரவு சாப்பிடவே இல்லை. கேட் போட்டது பிள்ளைக்குக் காவலாகத்தான். அந்தக் கேட்டே மூடாமல் நின்றால் யாரை நோவது?

வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினால் என்ன என்று அப்பா கேட்டார். நம் தாமான் சாலைகளில் அது ஆகாத காரியம். கதவு பொதுச் சாலைக்கு மேல் நீளும். போகிறவர் வருகிறவர் மேல் இடிக்கும். ஊராட்சி மன்றமும் கேள்வி கேட்கும். கடைசியில் வேறொரு வெல்டிங்காரர் வந்தார். நல்ல மனிதர், முதலில் காரைத்தான் அளந்தார். ஒவ்வொரு கதவையும் நெட்டுவாக்கில் சரிபாதியாக அறுத்து, நடுவில் கீல் வைத்து, நான்கு மடிப்புக் கேட்டாக மாற்றிக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு துண்டும் மூன்றடிதான். கார் நடுவில் நின்றால் மடிப்பு இரு பக்கமும் ஒதுங்கி, காரைத் தொடாமல் சுருங்கிக் கொள்கிறது. ஆனால் முதல் கேட்டுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் மறுபடியும் செலவு. சீவிய மரத்தின் பால் அல்லவா அந்தப் பணம்!

சரி, வாசலின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்? இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கார் கடையில் கொடுக்கும் அச்சுத்தாளில் அகலம் போட்டிருக்கும். 2017-இல் வந்த பெரோடுவா மைவி 1,735 மில்லிமீட்டர், சாகா 1,689, புரோட்டோன் எக்ஸ் 50 என்றால் 1,800. இவை எல்லாம் உடம்பின் அகலம் மட்டுமே. இருபுறமும் காது போல் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் இதில் சேராது. ஆகவே அச்சுத்தாளை நம்பாமல், கண்ணாடியை விரித்து வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீங்களே அளந்து கொள்ளுங்கள்.

இங்கே ஓர் ஆசிரியையாக ஒரு வார்த்தை. 1972-இல் எடை அளவைச் சட்டம் வந்து நாடு மீட்டருக்கு மாறியது; ஆனால் வெல்டிங் கடை இன்னும் அடிக்கணக்கில்தான் பேசுகிறது. கார் மில்லிமீட்டரில், கேட் அடியில்! ஓர் அடி என்பது ஏறத்தாழ 305 மில்லிமீட்டர். 1,735-ஐ 305-ஆல் வகுத்தால் 5.69 வரும். இதை “ஐந்தடி ஏழு அங்குலம்” என்று படிக்கிறார்கள், என் மாணவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும். தப்பு. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலமல்ல. 0.69-ஐப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். எட்டு அங்குலம் சொச்சம் வரும். கேட்டில் ஓர் அங்குலம் போனால் சாயம் போகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் பள்ளித் திடலுக்கு அழைத்துப்போய், என் தையல் நாடாவைக் கொடுத்து, நிறுத்தியிருந்த கார்களை அளக்க வைத்தேன். தசமத்தை அன்று புரிந்துகொண்ட அளவுக்கு அவர்கள் என்றும் புரிந்துகொண்டதில்லை!

அமெரிக்காவில் கார் கொட்டகைக்கு ஒற்றைக் கதவு எட்டடி அல்லது ஒன்பதடி அகலம், ஏழடி உயரம் என்று வழக்கமாக வைத்திருக்கிறார்கள்; இரண்டு கார் நுழையப் பதினாறடி. சில விற்பனையாளர்கள் இந்த அளவைக் காட்டி, “ஒன்பதடி தாராளம்” என்பார்கள். அங்கே வீட்டுக்கு முன்னால் நீண்ட பாதை இருக்கும். கார் நேராக வந்து நேராக நுழையும். நம் தாமானில் அப்படியா? குறுகலான சாலை, எதிர் வீட்டுக்காரர் காரையும் அங்கேயே நிறுத்தியிருப்பார். நாம் சாலையிலேயே முழுதாக ஒடித்துத் திருப்பித்தான் நுழைய வேண்டும். காரின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக ஒதுங்கி வரும். தூணில் உரசுவது அதனால்தான். நேராக நுழைய ஒன்பதடி போதும் என்றால், திரும்பி நுழையப் பத்தரை, பதினொன்று, இடமிருந்தால் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

தள்ளு கேட் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பத்தடி வாசலைத் திறக்க வேண்டுமானால், அந்தப் பத்தடிக் கதவு ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் இன்னொரு பத்தடி வேண்டும். இருபதடி மனையில் தூண்கள், தபால் பெட்டி, மீட்டர் பெட்டி எல்லாம் போக, வாசலுக்கு ஒன்பதடி கிடைத்தாலே பெரிது. ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கும் இரட்டைத் தள்ளு கேட் போட்டால் மூன்றில் இரண்டு பங்குவரை திறக்கலாம், விலைதான் கூடும்.

தரையையும் பாருங்கள். மழைநீர் வழிய வாசல் தரையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். வீட்டை நோக்கிப் போகப்போகத் தரை உயரும். உள்பக்கம் திறக்கும் கதவின் அடி, பாதித் தூரத்திலேயே சிமெண்டில் உரசி நின்றுவிடும். அதற்காகக் கதவை மிகவும் உயர்த்தி மாட்டினால் அடியில் நாய் புகும், பிள்ளை தலையை விடும். அளக்கும்போது நீர்மட்டக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்வாசலுக்குக் கூரை இருந்தால், வேனோ டபுள் கேப்போ வைத்திருப்பவர்கள் உயரத்தையும் பார்ப்பது அவசியம். ஹைலக்ஸ் டபுள் கேப் 5,325 மில்லிமீட்டர் நீளம்; பதினேழரை அடி. பதினெட்டு அடி வாசலில் அதை நிறுத்தினால் கேட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

அகலம் கூடக் கூடக் கனமும் கூடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தள்ளு கேட் தண்டவாளத்தை விட்டுச் சாய்ந்து, கீழே அகப்பட்ட பிள்ளைகள் இறந்துபோன செய்தியை நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஒருமுறையா இருமுறையா படித்திருக்கிறோம்? கேட் ஓடி முடியும் இரு முனைகளிலும், அதற்கு மேல் போகாதபடி தடுக்கும் இரும்புக் கட்டை தரையில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். மேலே கேட்டைப் பிடித்துக்கொள்ளும் உருளைகளும், அவற்றைத் தாங்கும் தூணும் ஆடக் கூடாது. கடைக்காரர் பொருத்தி முடித்ததும், மீதிப் பணத்தைக் கொடுக்குமுன், நீங்களே கேட்டை முழு வேகத்தில் இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கேட்டில் தொங்கி ஊஞ்சலாடுவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். என் வகுப்பில் இதைப் பற்றிக் கேட்டபோது, ஆடியதில்லை என்று கை தூக்கியவர்கள் மூன்றே பேர்.

மின்சாரக் கேட் போடுகிறவர்கள், மின்சாரம் நின்றால் கையால் திறப்பதற்கான சாவி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குக் காட்டி, இரண்டு முறை திறக்கவும் வைக்க வேண்டும். பகலெல்லாம் வீட்டில் இருப்பது அவர்கள்தாமே?

முன்பணம் கொடுக்குமுன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சுண்ணாம்புக் கட்டியால் வாசல் தரையில் காரின் நீள அகலத்தைக் கோடு போடுங்கள். கயிற்றின் ஒரு முனையைத் தூணின் அடியில் பிடித்துக்கொண்டு, கதவின் அகலத்துக்கு மறு முனையைச் சுற்றிக் கோடு இழுங்கள். கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டினால் அந்தக் கேட் உங்கள் வீட்டுக்கு ஆகாது. கார் கதவைத் திறந்து, நம் வீட்டுப் பாட்டி இறங்குவதற்கு இடமிருக்கிறதா என்றும் அந்தக் கோட்டிலேயே பார்த்துவிடலாம். பிறகு கடைக்காரரின் ரசீதில் வாசல் அகலம், கதவின் அகலம், உயரம், எந்தப் பக்கம் திறக்கும் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். என் அப்பாவின் ரசீதில் “கேட் ஒன்று” என்று மட்டுமே இருந்தது. முறையிடப் போனபோது, “நீங்க கேட்டதைத்தானே கொடுத்தோம்” என்று முதல் கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. தூணை இடித்துத் தள்ளி வைப்பது, கூரையை நீட்டுவது போன்ற கட்டட மாற்றம் இருந்தால், முதலில் ஊராட்சி மன்றத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சாகா போதவில்லை, ஆல்சா வாங்கலாம் என்கிறான். 2022-இல் வந்த ஆல்சா 4,425 மில்லிமீட்டர். சாகாவைவிட நாலு அங்குலம் போல் நீளம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தோட்டத்துக்கு வந்திருந்தார். தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும்போது, “அம்மாடி, அந்தத் தையல் நாடாவைக் கொஞ்சம் கொடு” என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.