துடைப்பம் பிடிக்கத் தெரியாத சீமாட்டி

கையில் துடைப்பம். எதிரே குப்பை. எப்படிப் பெருக்குவது என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். சில வாரங்களுக்கு முன்புவரை பட்டும் வேலைக்காரர்களுமாக வாழ்ந்தவள் அவள்.

பெயர் எஸ்பெரான்சா. ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள். கலிபோர்னியாவில் பிறந்த பாம் முன்யோஸ் ரயன் எழுதி, 2000-இல் வெளியான 'எஸ்பெரான்சா ரைசிங்' என்ற சிறுவர் நாவலின் நாயகி. ரயனின் பாட்டியின் பெயரும் அதுவே. கதைக்கு வித்து அவரது வாழ்க்கைதான்.

ஆண்டு 1930. மெக்ஸிகோவின் அகுவாஸ்காலியென்டஸில் பண்ணையார் அப்பாவைக் கொள்ளையர்கள் கொல்கிறார்கள். அம்மாவை மணக்கத் துடிக்கும் பெரியப்பாவின் மிரட்டல். ஒரு நள்ளிரவில் வீடு சாம்பல். வேலைக்காரக் குடும்பத்துடன் தாயும் மகளும் எல்லை தாண்டுகிறார்கள். ரயிலில் ஒரு ஏழைச் சிறுமி தொட்டதற்காகத் தன் பொம்மையைப் பிடுங்கிக்கொள்ளும் எஸ்பெரான்சா, ஆர்வின் ஊரின் தொழிலாளர் முகாமில் காய்கறி தரம் பிரிக்கிறாள். அம்மா நோயில் விழ, கூலிதான் கதி.

நாவலின் பலம், எதையும் எளிதாக்காததுதான். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் வெடிக்கிறது. எஸ்பெரான்சா சேரவில்லை, ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறதே. ஆனால் அதிகாரிகள் போராட்டக்காரர்களை வளைத்து பஸ்களில் ஏற்றும்போது, ஒளிந்திருக்கும் மார்ட்டாவிடம் ஒரு ஏப்ரனைக் கொடுத்து, வேலை செய்பவள் போலத் தப்பவைக்கிறாள். மார்ட்டா அமெரிக்காவில் பிறந்தவள். ஆனால் பிறப்புரிமையை யார் கேட்டார்கள்?

இது கற்பனையல்ல. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது மெக்ஸிகோ வம்சாவளியினர் பல லட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள், அல்லது மிரட்டி வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் ஏராளம். 2005-இல்தான் கலிபோர்னியா சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது.

முகாம் சிறுமி இசபெல் வகுப்பில் முதல் மாணவி. அதற்குரிய 'மே ராணி' பட்டமோ வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் போகிறது. அழும் இசபெலின் கையில் எஸ்பெரான்சா வைப்பது அதே பொம்மையை. அப்பாவின் கடைசிப் பரிசை.

முடிவில் பண்ணை திரும்பக் கிடைக்கவில்லை. பெரியப்பா தண்டிக்கப்படவுமில்லை. இசபெலின் பிழையான பின்னலைப் பிரித்துப்போட்டு, மறுபடி தொடங்கக் கற்றுத்தருகிறாள் எஸ்பெரான்சா. துடைப்பம் பிடிக்கத் தெரியாமல் வந்தவள்.