மூன்று நாள் மலை வாசம்: தம்பதியர் எங்கே போகலாம்?

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்மையில் மணம் முடித்த இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, சற்றுத் தயக்கத்தோடு தம் கைப்பேசியை நீட்டினார். வெண்பனி போர்த்திய மலைச்சரிவு ஒன்றில், கால்களில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு சறுக்கி வரும் ஓர் இளந்தம்பதியின் படம் அதில் இருந்தது.

"ஐயா, அடுத்த மாதம் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் தனியாக எங்கும் போனதில்லை. குல்மார்க் நல்லதா, அவுலி நல்லதா?" என்று கேட்டார்.

பள்ளிபாளையத்திலிருந்து இப்படியொரு கேள்வி எழும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எவர் எண்ணியிருப்பார்? நம் குடும்பங்களில் பயணம் என்றால் வேளாங்கண்ணிதான். அதுவும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு வேன் நிறையச் செல்வோம். கணவனும் மனைவியும் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால், தெருவே வாசலுக்கு வந்துவிடும்.

எனினும் அவருடைய கேள்வியை நான் நகைத்து ஒதுக்கவில்லை. அவர் ஆலையில் முறைப்பணி பார்ப்பவர். அவர் மனைவி ஆற்றுக்கு அப்பால் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறார். இரவுப் பணி முடிந்து இவர் வீடு திரும்பும்போது அவர் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, குளிர்பதனப் பெட்டியின் மேல் துண்டுச்சீட்டு எழுதி வைத்துப் பேசிக்கொள்ளும் இல்லறம் அது. "சாதம் அடுப்பின் மேல், எரிவாயு உருளை பதிவு செய்யவும்" என்பதே பல நாள்களில் அவர்களுடைய உரையாடலாம். இத்தகையோர்க்கு மூன்று நாள் என்பது சிறு பொருளன்று. ஆகவே, அது வீணாகாத வழியை எண்ணிப் பார்ப்போம் என்றேன்.

பனிச்சறுக்கு தகாத ஆசையன்று. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரே அதில் பெரும் விருப்பமுடையவர். 1984 ஜூலையில் இத்தாலிய நாட்டுத் தலைவர் பெர்த்தினி உடனிருக்க, அதாமெல்லோ பனிமலையில் அவர் சறுக்கி மகிழ்ந்ததை உலகமே வியந்து பார்த்தது. நம் நாட்டில் அதற்குப் பெயர்பெற்ற இடங்களுள் முதன்மையானது காஷ்மீரத்துக் குல்மார்க். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரிலிருந்து கம்பிவட ஊர்தி, அபர்வத் மலைமீது 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டு சேர்க்கிறது. உத்தரகண்டத்து அவுலி அதைவிடச் சற்று எளிய சரிவுகளைக் கொண்டது. முதன்முதலாகப் பலகை கட்டுவோர்க்கு அது ஏற்றது என்பர்.

ஆனால் பள்ளிபாளையத்து வாசற்படியிலிருந்து கணக்கிட வேண்டும் அல்லவா? கோவைக்குச் சென்று, விமானத்தில் தில்லி போய், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு வேறு விமானம் பிடித்து, பின்னும் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால்தான் குல்மார்க். போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவில் எஞ்சும் ஒரே நாளில் பலகையின்மேல் நிற்பதற்குள் இடுப்பு நோவு கண்டுவிடும். அவுலிக்கோ, டேராடூனில் விமானத்தை விட்டு இறங்கியபின் ஜோஷிமட் வரையிலும் ஒரு பகல் முழுதும் மலைச்சாலைதான். 2023 ஜனவரியில் அவ்வூரின் நிலம் உள்வாங்கி வீடுகள் வெடித்தபோது, அங்கிருந்து அவுலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது.

பனியும் நம் விடுமுறையைப் பார்த்துப் பெய்வதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பழுப்பேறிய புல்வெளியாகவே கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகளே பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. குல்மார்க் வேண்டுமென்றால் ஒரு முழு வாரம் விடுப்பும், அதற்குரிய பணமும், பனி இல்லாவிட்டாலும் முகம் வாடாத மனமும் வேண்டும். இதைச் சொன்னதும் இளைஞரின் முகம் சற்று வாடியது. "அப்படியானால் ஊட்டிக்கே போய்விடலாமா?" என்றார்.

ஊட்டி என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு 1991-ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வந்தது. மணமாகி ஏழாம் ஆண்டு, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, நானும் என் துணைவியும் இரண்டு நாளுக்கென்று உதகை புறப்பட்டோம். கல்லாற்றைக் கடந்து பர்லியாறு போகும் வழியில் வண்டிகள் அணிவகுத்து நின்றுவிட்டன. நான்கு மணி நேரம் பேருந்துக்குள் இருந்தோம். மேலே போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கேட்ட விடுதிகளிலெல்லாம் இடமில்லை. கிடைத்த ஓர் அறையில் ஈரம் கசிந்தது. மறுநாள் தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா என்று ஓடினோம். "முன்கூட்டியே அறை சொல்லி வைக்காதது யார் குற்றம்?" என்பது பற்றியே குன்னூர் வரும்வரை வழக்காடினோம். அந்தத் தீர்ப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதற்காக ஊட்டியைக் குறைகூற மாட்டேன். 2,240 மீட்டர் உயரமும் அந்தக் குளிரும் யூகலிப்டஸ் மணமும் வேறெங்கும் இல்லை. குறிப்பாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில், தம்பதியர் ஒருமுறையேனும் அருகருகே அமர்ந்து செல்ல வேண்டிய ஒன்று. 46 கிலோமீட்டர் தொலைவை ஏறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வண்டி அது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் இருப்புப்பாதை முடிந்தது. செங்குத்தான இடங்களில் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு வண்டியில் விடியுமுன் ஈரோட்டில் ஏறினால் மலை வண்டியைப் பிடித்துவிடலாம். ஆனால் பயணச்சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

இப்பொழுது மற்றொரு தடையும் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்ல மின்வழி அனுமதிச்சீட்டு வேண்டியதாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு விதித்தனர். மலை தாங்கும் சுமை அவ்வளவுதான் என்று நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலை! சொந்த வண்டியில் போவோர் புறப்படுமுன் நடப்பு விதியைக் கேட்டறிதல் நலம்.

கொடைக்கானலுக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். 1863-இல் உருவான ஏரியும், பழமையான சலேத் அன்னை ஆலயமும், செண்பகனூர் இயேசு சபையார் இல்லத்து அருங்காட்சியகமும் மனத்தை ஈர்ப்பவை. ஆயினும் நம் ஊரிலிருந்து மூன்று நாளில் போய்வர வழி சற்று நீளம்.

எஞ்சுவன இரண்டு மலைகள். நம் கண்ணெதிரே நிற்பதாலேயே நாம் மதிக்காதவை: ஏற்காடும் கொல்லிமலையும்.

சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது ஏற்காடு. காலை உணவு முடித்துச் சங்ககிரி வழியாகச் சேலம் போய், மலைப்பேருந்து ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நண்பகல் உணவுக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். 'ஏழைகளின் ஊட்டி' என்று அதைச் சொல்வதை நான் விரும்புவதில்லை. அது எவருக்கும் குறைந்த ஊட்டியன்று. அதற்கென்று ஒரு தன்மை உண்டு. கடுங்குளிர் இல்லை, மெல்லிய சால்வையே போதும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, அவற்றின் நிழலில் காப்பிச்செடிகள் நிற்கும். பங்குனி, சித்திரையில் கோடைமழை ஒன்று விழுந்து சில நாள் கழித்துப் போனால், தோட்டம் முழுவதும் காப்பிப்பூ வெள்ளையாய்ப் பூத்து மல்லிகைபோல் மணக்கும். பனியைத் தேடிக் காஷ்மீரம் போக முடியாதவர்க்கு அந்த வெண்மை போதாதா என்ன?

ஏற்காட்டில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று வண்டியோட்டிகள் பத்துப் பதினைந்து சொல்வர். இரண்டு போதும். பகோடா முனையில் மாலை வெயில் சாயும்வரை உட்காருங்கள். இரவில் சீமாட்டி இருக்கை எனப்படும் முனையிலிருந்து கீழே நோக்குங்கள். சேலம் மாநகரம் விளக்குகளாய் இறைந்து கிடக்கும். மற்றபடி தோட்டத்துப் பாதைகளில் நடப்பதே போதுமானது. திருவழிபாட்டுக்கும் குறையில்லை. 1894 முதல் திரு இருதயக் கன்னியர் பள்ளியும் 1917 முதல் மான்போர்ட் பள்ளியும் நடைபெறும் ஊரல்லவா!

கொல்லிமலை நம் நாமக்கல் மாவட்டத்துக்கே உரியது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு குமட்டுவோர் காலையில் அளவாக உண்டு ஏறுக. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியவர் ஏறவும் வேண்டும் என்பதை மறக்கலாகாது. முழங்கால் நோவு உள்ளவர்க்கு அது ஆகாது. விடுதிகளும் வசதிகளும் ஏற்காட்டை விடக் குறைவு. அமைதியோ அதிகம். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாள்களில் மட்டும் அந்த அமைதியை எதிர்பார்க்க வேண்டா.

கொல்லிமலைக்கு ஒரு தம்பதியரின் வரலாறும் உண்டு. நம் பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்த ஜெசி பிராண்ட் என்னும் ஆங்கிலேயரும் ஈவ்லினும் 1913-இல் மணம் முடித்து இம்மலையில் குடியேறினர். சாலை இல்லாத காலம். காய்ச்சல் மலிந்த மலை. தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தில் பின்னாளில் வேலூரில் புகழ்பெற்ற பால் பிராண்ட், அவர்களுடைய மகன். 1929-இல் ஜெசி காய்ச்சலுக்கு இரையானார். ஈவ்லின் முதுமையிலும் மலைமக்களுக்குத் தொண்டாற்றி, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் அம்மலையில் துயில்கிறார். மூன்று நாள் போய்வரும் நமக்கு அங்கே சற்று நின்று பார்க்க நேரம் இருக்கும்.

இரண்டு மலைகளில் எது என்று வற்புறுத்திக் கேட்டால், நடக்க வல்ல இளையோர்க்குக் கொல்லிமலை, மற்றெல்லார்க்கும் ஏற்காடு என்பேன். ஆனால் எந்த மலை என்பதைவிட எந்த நாள் என்பது முக்கியம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரும் அரசு விடுமுறையில் பெங்களூரும் கோவையும் திரண்டு மலை ஏறிவிடும். மே மாதக் கோடை விழாவில் ஏற்காட்டு ஏரிக்கரையில் நடக்கவும் இடமிராது. அறை வாடகையும் அப்போதுதான் ஏறுகிறது. முறைப்பணியாளருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: அவர் வாரநாளில் ஓய்வை மாற்றிக்கொள்ளலாம். செவ்வாய் ஏறி வியாழன் இறங்குவோர்க்கு மலை தாராளமாய் இடங்கொடுக்கும்.

அந்த இளைஞரிடம் நான் மேலும் ஒன்று சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு தம்பதியர், பத்தொன்பது ஆண்டுகள் ஒரே கொட்டகையில் விசைத்தறி ஓட்டியவர்கள். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடைவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். மகளுக்கு வேலை கிடைத்ததும், முதல் சம்பளத்தில் தாய் தந்தையரை ஏற்காட்டுக்கு இரண்டு இரவு அனுப்பி வைத்தாள். போக மறுத்த இருவரையும் அவளே சேலம் பேருந்தில் ஏற்றிவிட்டாள்.

மலைமேல் இறங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் அவர் ஏதோ சொன்னாராம். அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தனர். "ஏனுங்க, இங்கதான் தறி ஓடலியே, எதுக்குக் கத்தறீங்க?" என்றாராம் மனைவி. நாடா அடிக்கும் ஓசைக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் அது. அவர் வெட்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியபோது மனைவிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவரை வலப்பக்கம் வரச் சொன்னார். "மூணு வருசமாவே இந்தக் காது கேக்கறதில்லீங்க" என்றார். அம்மூன்று ஆண்டும், தான் கூப்பிட்டால் வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறாள் என்று அவர் உள்ளூரச் சினம் வைத்திருந்தார். இதை எனக்குச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மலையிலிருந்து இறங்கிய அந்த வாரமே ஈரோட்டில் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

இளைஞர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "செவ்வாயன்று பணி மாற்றித் தருவார்களா என்று மேற்பார்வையாளரைக் கேட்டுப் பார்க்கிறேன், ஐயா" என்றார். குல்மார்க்கிற்கு ஒரு வாரம் விடுப்புச் சேர்ந்தபின் போவார்களாம். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்து, ஏற்காட்டில் அறை கிடைத்துவிட்டதாகவும், எவ்வளவு தடித்த சால்வை கொண்டுபோக வேண்டும் என்று தம் மனைவி கேட்டு வரச் சொன்னதாகவும் கூறினார்.