நிற்கக் கற்றல்

சீன நாட்டுத் தற்காப்புக் கலை பயிலச் செல்லும் இளைஞன், முதல் நாளே குத்தவும் உதைக்கவும் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணிப் போகிறான். ஆசிரியரோ அவனை நிற்கச் சொல்கிறார். மறுநாளும் நிற்கவே சொல்கிறார். "நிற்பதற்கும் ஒரு பள்ளிக்கூடமா?" என்று அவனுக்குச் சலிப்பு உண்டாகிறது. நேயர்களே, அந்தச் சலிப்புக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதற்கண் பெயரைக் கவனிப்போம். நாம் குதிரை நிலை என்று கூறுவதைச் சீனர் 'மாபு' என்பர். 'மா' என்பது குதிரை. தமிழிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டு. அது தற்செயலான ஒற்றுமையே. 'பு' என்பது காலடி. ஆகவே பெயரில் இருப்பது நிலை அன்று, நடை. நடையின் நடுவே நிறுத்திப் பார்க்கப்பெறும் ஓர் அடியே நிலை எனப்படுவது. இதனை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

குதிரை நிலையில் கால்கள் இடவலமாக அகன்றிருக்கும். பாதங்கள் இணையாக முன்னோக்கும். முழங்கால்கள் மடிந்து, முதுகு நிமிர்ந்திருக்கும். எடை இரு கால்களிலும் சமமாகத் தங்கும். பக்கத்திலிருந்து தள்ளுபவனால் இவனை எளிதில் அசைக்க இயலாது. ஆனால், எதிரே நின்று மார்பில் கைவைத்துத் தள்ளினால் பின்னே சாய்ந்துவிடுவான். அத்திசையில் அவனைத் தாங்கும் தளம் ஒரு பாத நீளமே அன்றோ?

அக்குறையை நிறைப்பது 'கோங்பு' என்னும் வில் நிலை. முன்கால் வில்லைப்போல் வளைய, பின்கால் அம்பைப்போல் நீளும். பின்பாதம் தரையை உந்த, அவ்விசை இடுப்பின் வழியே கைக்கு ஏறும். முன்னோக்கிய தாக்குதலுக்கு இது ஏற்றது. எனினும் எடையிற் பெரும்பகுதி முன்காலில் இருப்பதால், அக்காலை உடனே தூக்க இயலாது.

தூக்க வேண்டுமாயின் 'ஷூபு' என்னும் வெற்று நிலை வேண்டும். இதில் ஏறத்தாழ முழு எடையையும் மடிந்த பின்கால் ஏற்கும். முன்காலின் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும். அக்கால் உதைக்கவும் பின்வாங்கவும் உரிமை பெறுகிறது. அந்த உரிமைக்கு விலை, ஒற்றைக் காலின் உழைப்பு.

இம்மூன்றுடன், ஒருகாலை நீட்டித் தாழும் 'பூபு', கால்களைப் பின்னி அமரும் 'ஷியேபு' ஆகியவற்றையும் கோத்து, 'வூபுச்சுவான்' என்னும் ஐந்தடிப் பயிற்சியைத் தொடக்க மாணவருக்கு அமைத்துள்ளனர். நிலைகளைக் காட்டிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே அங்குப் பாடம்.

பிரிவுகளுக்கேற்பவும் நிலை வேறுபடும். ஷிங்யிப் பிரிவின் 'சாந்திஷி' நிலையில் எடையின் ஏழு பங்கு பின்காலிலும் மூன்று பங்கு முன்காலிலும் இருக்கும் என்பது பெருவழக்கு. விங் சுன் பயில்வோர், தொடைகளுக்கிடையே ஓர் ஆட்டைக் கவ்வியதுபோல், விரல்களையும் முழங்கால்களையும் உட்புறம் திருப்பிக் குறுகி நிற்பர். அது கைக்கெட்டும் தொலைவில் நிகழும் போருக்குரியது. தெற்கே கை, வடக்கே கால் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆயினும் தென்னாட்டு ஹுங் கார் பிரிவே அகன்று தாழ்ந்த குதிரை நிலைக்குப் பெயர் பெற்றது. யீச்சுவான் பிரிவை நிறுவிய வாங் ஷியாங்சாய் (1885–1963) நிற்றலையே பயிற்சியின் மையமாக்கினார். அவர் கற்பித்த நிலையோ தாழ்ந்ததன்று. முழங்கால் சற்றே மடிய, உடலில் வேண்டாத இறுக்கத்தைக் கண்டு தளர்த்துவதே அதன் நோக்கம்.

ஆகவே, எந்த நிலை உயர்ந்தது என்பது பொருளற்ற வினா. ஒன்றைத் தருவது மற்றொன்றைப் பறிக்கும். ஆயினும் சில பயிற்சிக் கூடங்களில் தாழ்வையும் நிமிடத்தையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். 'இன்னும் தாழ்' என்ற அதட்டலுக்கு அஞ்சி, சிறுவன் முழங்காலை உள்ளே சாயவிடுகிறான். எப்பிரிவாயினும், முழங்கால் பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே மடிதல் வேண்டும். தொடை நடுங்குவது உழைப்பின் அடையாளம். முழங்காலிற் குத்தும் வலி எச்சரிக்கை. இவ்விரண்டையும் பிரித்தறிய மாணவனுக்குக் கற்பிக்காத ஆசிரியர், கலையைக் கற்பிக்கவில்லை, தண்டனை தருகிறார்.

பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வாய்பாட்டைப் பிழையின்றி ஒப்பித்துவிட்டுக் கணக்கின்முன் திகைத்து நிற்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பிழை பிள்ளையினுடையது அன்று. ஒப்பித்தலே முடிவு என்று கருதிய எங்களுடையது. நிலைப் பயிற்சியும் அத்தகையதே. மாணவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்பதோடு நில்லாமல், "இப்போது ஓர் அடி எடுத்து வை" என்று சொல்லிப் பாருங்கள். தள்ளாடாமல், தயங்காமல் அவன் நடந்தால், அவன் நிற்கக் கற்றுவிட்டான்.